சிட்டுக்குருவி மாதிரி... ஆனா சிட்டுக்குருவி இல்லை! சலீம் அலியின் வாழ்க்கையை மாற்றிய மஞ்சள் புள்ளி

வீட்டுக்குப் பின்னால் இருக்கும் முருங்கை மரத்தில் புதுசா ஒரு பறவை வந்து உட்கார்ந்தால் என்ன செய்வீர்கள்? போனை எடுத்து ஒரு போட்டோ, ஆப்பில் ஒரு தேடல். அரை நிமிடத்தில் பெயர் தெரிந்துவிடும். சுமார் 115 வருஷத்துக்கு முன்னால் பம்பாயில் ஒரு சிறுவனுக்கு இதே சந்தேகம் வந்தது. அதற்கு விடை தேடிப் போனவர்தான், பின்னாளில் 'இந்தியாவின் பறவை மனிதர்' என்று பெயர் பெற்ற சலீம் அலி.

யார் இந்தச் சிறுவன்?

1896 நவம்பர் 12-ல் பம்பாயில் பிறந்தவர் சலீம் அலி. ஒரு வயதில் அப்பா இறந்துவிட்டார், மூன்று வயதில் அம்மாவும். கேத்வாடி பகுதியில் இருந்த தாய்மாமா அமீருதீன் தியாப்ஜியின் வீட்டில்தான் வளர்ந்தார். மாமாவுக்கு வேட்டையில் ஆர்வம் உண்டு. அந்த வீட்டுப் பையன் கையில் ஒரு விளையாட்டு ஏர்கன் இருந்தது. குறி வைக்கக் கிடைத்தவை சிட்டுக்குருவிகள்.

ஒருநாள் சுட்டு விழுந்த குருவியை எடுத்துப் பார்த்தால், தொண்டையில் மஞ்சளாக ஒரு திட்டு. வழக்கமான சிட்டுக்குருவிக்கு அது கிடையாது. என்ன பறவை என்று மாமாவிடம் கேட்டார். மாமாவுக்கும் தெரியவில்லை. அவர் செய்த நல்ல காரியம், 'ஏதோ ஒரு குருவி' என்று சொல்லி முடிக்காமல், தெரிந்தவர்களிடம் அனுப்பிவைத்ததுதான்.

யார் கண்டுபிடித்துச் சொன்னது?

1883-ல் தொடங்கப்பட்ட பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் கௌரவச் செயலாளராக அப்போது இருந்தவர் டபிள்யூ. எஸ். மில்லார்ட் என்ற ஆங்கிலேயர். ஒரு வெள்ளைக்கார அதிகாரியிடம் செத்த குருவியோடு போய் நிற்க அந்தக் காலத்துச் சிறுவனுக்குப் பயம் இருக்கத்தானே செய்யும்? மில்லார்ட் விரட்டவில்லை. பார்த்தவுடன் அது மஞ்சள் தொண்டைச் சிட்டு என்று சொன்னார். அதோடு விடாமல், பாடம் செய்து வைத்திருந்த பறவைகளை இழுப்பறை இழுப்பறையாகத் திறந்து காட்டினார். படிக்கப் புத்தகங்களும் கொடுத்தார். இந்தியாவில் இவ்வளவு பறவைகளா என்று பையன் வியந்துபோனான். அந்த வியப்பு கடைசிவரை போகவில்லை.

அப்புறம் எல்லாம் ஈஸியா நடந்ததா?

இல்லவே இல்லை. கல்லூரிப் படிப்பைப் பாதியில் விட்டு, குடும்பத் தொழிலைக் கவனிக்க 1914-ல் பர்மா போனார். வேலையைவிடக் காட்டுக்குள் பறவைகளைப் பார்ப்பதில்தான் கவனம். திரும்பிவந்து விலங்கியல் படித்தாலும் முறையான பட்டம் இல்லை. அதனால் இந்திய விலங்கியல் ஆய்வு நிறுவனத்தில் வேலை கிடைக்கவில்லை. 1926-ல் பம்பாய் அருங்காட்சியகத்தில் வழிகாட்டி விரிவுரையாளர் ஆனார். மேற்கொண்டு கற்க ஜெர்மனி போய், பெர்லினில் எர்வின் ஸ்ட்ரெஸ்மானிடம் பயிற்சி பெற்றார். 1930-ல் திரும்பினால், நிதி இல்லை என்று அந்தப் பதவியையே எடுத்துவிட்டிருந்தார்கள்.

வேலை இல்லாமல் மனைவி தெஹ்மினாவோடு கிஹிம் என்ற கடற்கரைக் கிராமத்துக்குக் குடிபோனார். அங்கே தூக்கணாங்குருவிக் கூடுகளை நாள்கணக்கில் பார்த்துக் குறிப்பெடுத்தார். ஆண் குருவி பாதிக் கூடு கட்டும். பெண் வந்து பார்த்துப் பிடித்திருந்தால்தான் மீதியைக் கட்டும். அவள் முட்டையிட்டதும் அடுத்த கூட்டையும் அடுத்த ஜோடியையும் தேடிப் போய்விடும் என்று விளக்கினார். பறவையியலாளர்கள் மத்தியில் பெயர் வாங்கிக்கொடுத்தது இந்த ஆய்வுதான்.

பிறகு ஹைதராபாத், திருவிதாங்கூர், கொச்சி எனப் பல சமஸ்தானங்களில் பறவைக் கணக்கெடுப்பு. சம்பளம் வேண்டாம், செலவை மட்டும் பார்த்துக்கொண்டால் போதும் என்பதுதான் ஹைதராபாத்தில் அவர் வைத்த டீல். முகாம்களில் கூடவே இருந்து எல்லாவற்றையும் கவனித்துக்கொண்டவர் தெஹ்மினா. 1939-ல் ஒரு சிறிய அறுவை சிகிச்சைக்குப் பின் அவர் இறந்துபோனார். சலீம் அலி மறுமணம் செய்துகொள்ளவில்லை.

நமக்கு என்ன விட்டுச்சென்றார்?

1941-ல் வந்த 'இந்தியப் பறவைகள் நூல்' இதில் முக்கியமானது. மியூசியம் இழுப்பறைக்குள் இருந்த அறிவைச் சாதாரண ஆள் கையில் கொடுத்தது அது. பறவையின் அளவைச் சொல்ல அங்குலக் கணக்கை நம்பாமல், 'சிட்டுக்குருவியைவிடப் பெரிது', 'மைனா அளவு', 'காகத்தைவிடச் சிறிது' என்று தெரிந்த பறவைகளையே அளவுகோலாக்கினார். பறந்துபோகும் பறவையை ஸ்கேல் வைத்து அளக்க முடியாது இல்லையா? அமெரிக்கர் டில்லன் ரிப்ளேயோடு சேர்ந்து எழுதிய கையேடு 1968 முதல் 1974 வரை 10 தொகுதிகளாக வந்தது.

கேள்விகளும் உண்டு. சிறுவயதில் ஒரே கூட்டருகே 7 நாளில் 8 ஆண் குருவிகளைச் சுட்டதை அவரே பதிவு செய்திருக்கிறார். பெரியவரான பிறகும், ஆய்வுக்காகப் பறவைகளைச் சேகரிப்பது தேவை என்றே வாதாடினார். அதே மனிதர்தான் கேரளாவின் அமைதிப் பள்ளத்தாக்கில் அணை வேண்டாம் என்று குரல் கொடுத்தார். இரண்டையும் சேர்த்துத்தான் அவரைப் பார்க்க வேண்டும்.

1976-ல் பத்ம விபூஷண், 1985-ல் மாநிலங்களவை நியமன எம்.பி. பதவி எனப் பெருமைகள் வந்தன. அதே 1985-ல் வந்த சுயசரிதைக்கு அவர் வைத்த பெயர், 'ஒரு சிட்டுக்குருவியின் வீழ்ச்சி' என்று பொருள்படும் ஆங்கிலத் தலைப்பு. 1987 ஜூன் 20-ல், 90 வயதில் காலமானார். கோவை ஆனைகட்டியில் 1990-ல் தொடங்கிய பறவை ஆய்வு மையத்துக்கு அவர் பெயர்தான்.

தெரியாத பறவையைப் பார்த்தால் என்ன கவனிக்கணும்?

தெரிந்த பறவையோடு ஒப்பிட்டு அளவு, உடல் நிறம், அலகின் வடிவம், வால், எங்கே உட்கார்ந்து என்ன செய்கிறது. ஆப் தப்பாகச் சொன்னாலும் இந்த ஐந்தும் கைகொடுக்கும். சலீம் அலியின் குருவியையே தேடுகிறீர்களா? சிட்டுக்குருவி அளவு, கோடுகள் இல்லாத சாம்பல் பழுப்பு உடல், இறக்கையில் வெள்ளைப் பட்டை. ஆண் என்றால் தோளில் செம்பழுப்பு, தொண்டையில் அந்த மஞ்சள்.