ஏட்டில் ஏறிய பாட்டு
எட்டயபுரம் சுப்பராம தீட்சிதரின் வாழ்க்கை

அருப்புக்கோட்டையில் இருந்து தெற்கே தூத்துக்குடி சாலையில் போனால், பந்தல்குடியைத் தாண்டி எட்டயபுரம் வரும். சுற்றிலும் கரிசல் காடு. பருத்தியும் கம்பும் விளையும், வானம் பார்த்த பூமி.

இந்த வறண்ட சீமையில்தான் கர்நாடக இசையின் பெரும் புதையல் ஒன்று அழியாமல் காப்பாற்றப்பட்டது. காப்பாற்றியவர் சுப்பராம தீட்சிதர்.

தாத்தாவே தந்தை

சுப்பராம தீட்சிதர் 1839-ம் ஆண்டு திருவாரூரில் பிறந்தார். அவருடைய தாயைப் பெற்றவர் பாலுசாமி தீட்சிதர். சங்கீத மும்மூர்த்திகளில் ஒருவரான முத்துசாமி தீட்சிதரின் தம்பி.

பாலுசாமி தீட்சிதர் சென்னையில் ஒரு வெள்ளைக்காரரிடம் பிடில் கற்றவர். அந்த மேல்நாட்டு வாத்தியத்தில் நம் ராகங்களை வாசித்துக் காட்டிய முன்னோடி. பிறகு எட்டயபுரம் அரண்மனையில் வித்துவான் ஆனார். தம்பியைப் பார்க்க வந்த முத்துசாமி தீட்சிதர், 1835-ம் ஆண்டு எட்டயபுரத்திலேயே காலமானார்.

பேரனுக்கு ஐந்து வயதானபோது பாலுசாமி தீட்சிதர் அவனைச் சுவீகாரம் எடுத்துக்கொண்டார். தாத்தாவே தந்தை ஆனார். அவரே குருவும் ஆனார். சிறுவன் பாட்டும் வீணையும் கற்றான். தெலுங்கும் வடமொழியும் படித்தான்.

அரசர் வைத்த பரீட்சை

பதினேழு வயதில் சுப்பராமர் தர்பார் ராகத்தில் ஒரு வர்ணம் இயற்றி அரசர் முன் பாடினார். சபை வியந்தது. அரசருக்கோ ஐயம் பிறந்தது. இது பையன் செய்ததா, தாத்தா செய்து கொடுத்ததா?

யமுனா ராகத்தில் புதிதாக ஒன்று செய்யும்படி அரசர் சொன்னார். சுப்பராமர் தாத்தாவின் உதவி இல்லாமல் செய்து முடித்தார். ஐயம் தீர்ந்தது. பரிசும் கிடைத்தது. சில ஆண்டுகளில் அரண்மனை வித்துவான் பதவியும் வந்தது.

1858-ம் ஆண்டு பாலுசாமி தீட்சிதர் மறைந்தார். முத்துசாமி தீட்சிதரின் கீர்த்தனைகள், பழைய பெரியோர்களின் பாட்டுகள், ராக லட்சணங்கள் எல்லாம் இப்போது சுப்பராமரின் பொறுப்பு.

காகிதமும் தொண்டையும்

மேல்நாட்டில் பீத்தோவன் போன்ற மேதைகள் தங்கள் இசையைக் காகிதத்தில் எழுதி வைத்தார்கள். அவர்கள் இறந்த பிறகும், எங்கோ ஒரு நாட்டில் ஒருவர் பியானோ முன் அமர்ந்து அதைப் பார்த்து வாசிக்க முடிகிறது.

நம் நாட்டில் அப்படி இல்லை. குரு பாடுவார், சீடன் கேட்டுப் பாடுவான். சீடன் இல்லாமல் குரு இறந்தால் பாட்டும் அவரோடு போய்விடும். பரம்பரைச் சொத்தை வெளியே கொடுக்கவும் பலர் தயங்கினார்கள்.

வேண்டிக்கொண்ட கிறிஸ்தவர்

சென்னையில் சின்னசாமி முதலியார் என்ற கத்தோலிக்கக் கிறிஸ்தவர் இருந்தார். மேல்நாட்டு இசைக் குறியீட்டில் நம் கீர்த்தனைகளை எழுதி அச்சிட்டவர் அவர். அந்தப் பணிக்காகப் பணத்தையும் உடல்நலத்தையும் செலவழித்தார். கண்பார்வையும் மங்கியது.

தீட்சிதர் குடும்பத்துச் சங்கீதம் நூலாக வரவேண்டும் என்று அவர் எட்டயபுரம் அரசரிடம் மன்றாடினார். சுப்பராம தீட்சிதர் முதலில் தயங்கினார். அரசரும் வற்புறுத்தவே இசைந்தார். அப்போது அவருக்கு வயது அறுபது.

பெரும் நூல்

வேலை எளிதாக இல்லை. ஸ்வரங்களை மட்டும் எழுதினால் போதாது. ஒரு ஸ்வரத்தை அசைப்பதும் வளைப்பதும் இழைப்பதும்தான் நம் இசைக்கு உயிர். அதற்குக் கமகம் என்று பெயர். ஒவ்வொரு கமகத்துக்கும் ஓர் அடையாளம் வகுத்து, ஸ்வர எழுத்தோடு சேர்த்து அச்சிட்டார்கள்.

1904-ம் ஆண்டு எட்டயபுரத்து அச்சகத்திலேயே நூல் வெளிவந்தது. பெயர் சங்கீத சம்பிரதாயப் பிரதர்சினி. தெலுங்கு எழுத்தில் 1,700 பக்கங்களுக்கு மேல். முத்துசாமி தீட்சிதரின் கீர்த்தனைகள் மட்டும் 200-க்கு மேல். வித்துவான்கள் பலரின் வாழ்க்கை வரலாறும் அதில் உண்டு.

இரண்டே ஆண்டுகள் கழித்து, 1906-ம் ஆண்டு, சுப்பராம தீட்சிதர் கண்ணை மூடினார். அதே ஊரில் பிறந்த மகாகவி பாரதியார் அவருக்காக இரங்கற்பா பாடினார்.

அவருடைய மகன் அம்பி தீட்சிதர் பின்னர் சென்னைக்குப் போய்ப் பலருக்குக் கற்பித்தார். டி.கே. பட்டம்மாள் அவரிடம் பாடம் கேட்டவர். 1961-ம் ஆண்டு முதல் சென்னை மியூசிக் அகாடமி அந்த நூலைத் தமிழ் எழுத்தில் பகுதி பகுதியாக வெளியிட்டது.

சுப்பராம தீட்சிதர் தயங்கியபடியே இருந்திருந்தால் அந்தப் பாட்டுகளில் பல அவரோடு போயிருக்கும். குடும்பச் சொத்தை ஊர்ச் சொத்தாக்கினார். அதனால்தான் இன்றைக்கும் ஒரு மாணவி அந்த ஏட்டைப் பிரித்து வைத்து, வீணையை மீட்ட முடிகிறது.