நுண்ணங்கியின் கணக்கறிந்த பேரறிஞர் ஜாக் மொனோ

கண்ணுக்குப் புலனாகாத பற்றீரியக் கலம் ஒன்றினுள் நொடிதோறும் நிகழும் இரசாயன மாற்றங்கள் மிகப் பல. உட்கொண்ட உணவைச் சிதைத்து ஆற்றல் பெறுதலும், அவ்வாற்றலால் உடற்பொருள்களை ஆக்கிக் கொள்ளுதலுமாகிய இத்தொழில்களைத் தொகுத்து அனுசேபம் என வழங்குவர் அறிவியலார். இத்தொழில்களைச் சமன்பாடுகளாக்கிக் கணினியில் அமைத்து, கலம் எவ்வாறு நடந்துகொள்ளும் என முன்னரே கணித்துக் கூறும் ஆய்வு இக்காலத்திற் பெருகியுள்ளது. அதற்கு அடிகோலியோருள் முன்வரிசையில் வைத்து எண்ணத்தக்கவர் பிரான்சிய அறிஞர் ஜாக் மொனோ ஆவார்.

மொனோ 1910ஆம் ஆண்டு பெப்ரவரி 9ஆம் நாள் பாரிசு நகரிற் பிறந்தார். தந்தையார் ஓவியர், தாயார் அமெரிக்க நாட்டவர். இளமைப் பருவம் தென்கடற்கரை நகராகிய கான் என்னுமிடத்திற் கழிந்தது. சிறு பராயத்திற் பற்றிய இளம்பிள்ளைவாதம் ஒரு காலைத் தாக்கியபோதும், மலையேறுவதிலும் பாய்மரப் படகு செலுத்துவதிலும் அவர் வல்லவரானார். இசையிலும் பெருவேட்கை கொண்டு செல்லோ என்னும் நரம்புக் கருவியை வாசித்தார்.

1928இல் உயர்கல்விக்காகப் பாரிசை அடைந்தார். 1934இல் ஆய்வுக் கப்பலொன்றிற் கிரீன்லாந்து சென்று மீண்டார். 1936இலும் அதே கப்பலிற் செல்லவிருந்தவரை, பொரிசு எப்ருசி என்னும் அறிஞர் பரம்பரையியல் பயிலுமாறு கலிபோர்னியாவுக்கு அழைத்துச் சென்றார். அவ்வாண்டு செப்டெம்பரில் அக்கப்பல் ஐசுலாந்துக் கரையருகே புயலில் உடைந்தது. ஒருவர் தவிர ஏனையோர் அனைவரும் மாண்டனர். அறிவியல் ஒரு பெரும் புதல்வனை இழவாது தப்பியது அன்றே.

பாரிசு மீண்ட மொனோ பற்றீரியாக்களின் வளர்ச்சியை அளக்கத் தொடங்கினார். உணவுச் சர்க்கரை குறைவாயிருக்குங்கால் வளர்ச்சி வீதம் அதன் செறிவோடு ஒட்டி உயரும். சர்க்கரை மிகுந்துழி வீதம் ஓர் எல்லையை அணுகி அதன்மேற் செல்லாது நிற்கும். இவ்வுண்மையை இரண்டே மாறிலிகள் கொண்ட ஒரு சமன்பாட்டில் அடக்கினார். ஒன்று உச்ச வளர்ச்சி வீதம். மற்றையது அவ்வீதத்திற் பாதியைத் தரும் சர்க்கரைச் செறிவு. நொதித்தற் கலன்களையும் கழிவுநீர்த் தூய்மையாக்கலையும் கணினியிற் கணிப்போர் இன்றும் மொனோ சமன்பாட்டையே கையாளுகின்றனர்.

அளவையின் நடுவே ஒரு வியப்பும் எதிர்ப்பட்டது. குளுக்கோசும் இலற்றோசும் கலந்த உணவில் இட்ட பற்றீரியாக்கள் முதலிற் குளுக்கோசை மட்டுமே உண்டு பெருகின. அது தீர்ந்ததும் வளர்ச்சி சிறிது நேரம் நின்றது. பின்னரே இலற்றோசை உண்டு மீண்டும் பெருகின. இடைநின்ற அப்பொழுதில் நிகழ்ந்தது யாது? இலற்றோசைச் சிதைக்கும் நொதியத்தைக் கலம் அப்பொழுதுதான் ஆக்கிக்கொள்ளுகின்றதோ என ஆந்திரே இலுவோவு என்னும் மூத்த அறிஞர் வழிகாட்டினார். அவ்வினாவுக்கு விடை காண மொனோவுக்கு இருபது ஆண்டுகள் சென்றன.

அவ்விருபது ஆண்டுகளும் அமைதியாகக் கழிந்தன அல்ல. 1941இல் ஆய்வேட்டுக்குப் பட்டம் பெற்ற காலத்தே பாரிசு செருமானியர் கைப்பட்டிருந்தது. மொனோவின் துணைவியார் யூதகுலத்தவர்; மக்கள் இருவரும் சிறு குழந்தைகள். ஆயினும் அவர் மறைமுகப் போராட்டப் படையிற் சேர்ந்து உயர்பொறுப்பை ஏற்றார். ஆய்வுக்கூடத்தின் அருகே நின்ற ஒட்டகச்சிவிங்கி என்புக்கூட்டின் காலெலும்புகளுள் இரகசியப் பத்திரங்களை மறைத்து வைத்தார் என்பர்.

போரின்போது பொதுவுடைமைக் கட்சியிற் சேர்ந்திருந்த அவர் பின்னர் அதினின்று நீங்கினார். 1948இல் சோவியத்து நாட்டில் இலைசென்கோவின் கொள்கை அரசின் கொள்கையாகி, மெண்டலின் பரம்பரையியல் விலக்கப்பட்டது. அதனை மொனோ செய்தித்தாளிற் கண்டித்தெழுதினார். பழைய தோழர் பலருடைய நட்பினும் மெய்ம்மையே அவருக்குப் பெரிதாயிற்று. 1960இல் அங்கேரியிலிருந்து அக்னசு உல்மன் என்னும் ஆய்வாளரும் அவர்தம் கணவரும் மறைவாகத் தப்பிவரவும் அவரே துணைநின்றார்.

பாசுத்தர் நிலையத்தில் பிரான்சுவா யாக்கோபுடன் ஆற்றிய ஆய்வு 1961இல் முழுவடிவம் பெற்றது. இலற்றோசு இல்லாதபோது ஓர் அடக்கிப் புரதம் பரம்பரையலகுகளின் வாயிலில் அமர்ந்து அவற்றின் தொழிலைத் தடுக்கின்றது. இலற்றோசு புகுந்ததும் அதிலிருந்து தோன்றும் ஒரு பொருள் அடக்கியைப் பற்றி அதன் வடிவை மாற்ற, அது வாயிலை விட்டு அகலுகின்றது, நொதியம் ஆக்கப்படுகின்றது. தாழ்ப்பாள் இட்டும் திறந்தும் இல்லத்தை ஆள்வது போலக் கலம் தன் அனுசேபத்தை ஆள்கின்றது. இக்கண்டுபிடிப்புக்காக 1965ஆம் ஆண்டின் நோபல் பரிசு யாக்கோபு, இலுவோவு, மொனோ ஆகிய மூவருக்கும் வழங்கப்பட்டது. அவ்வாண்டிலேயே புரத மூலக்கூறு இரு வடிவங்களுக்கிடையே மாறித் தொழிற்படும் விதத்தை வைமன், சாஞ்சே என்போருடன் கூடிச் சமன்பாடாக வகுத்தார்.

1970இல் அவர் எழுதிய தற்செயலும் தேவையும் என்னும் பொருள்கொண்ட நூல் உலகெங்கும் பெரும் வாதத்தை எழுப்பியது. 1971இல் பாசுத்தர் நிலையத்தின் தலைவரானார். 1976ஆம் ஆண்டு மே 31ஆம் நாள், இளமையிற் களித்த கான் நகரிலேயே குருதிப் புற்றுநோயால் உயிர்நீத்தார்.

2012இல் ஸ்ரான்போர்ட் பல்கலைக்கழக ஆய்வாளர் 525 பரம்பரையலகுகளே உடைய ஒரு சிற்றுயிரின் வாழ்வு முழுவதையும் 28 பகுதிகளாக வகுத்துக் கணினியில் அமைத்துக் காட்டினர். மொனோவின் கையில் இருந்தவையோ கண்ணாடிக் குடுவையும், கலங்கலை அளக்கும் கருவியும், வரைதாளுமே. வளர்கோட்டில் ஒரு சிறு தடை தோன்றியபோது அதனைப் பிழையெனத் தள்ளாது, இருபது ஆண்டு அதன் காரணத்தைத் தேடிய பொறுமையே அவரை உயர்த்தியது. அப்பொறுமை நம் மாணாக்கர் உளங்கொள்ளற்பாலது.