நாடகாசிரியர் சங்கரதாச சுவாமிகள்

முத்தமிழுள் இயலுக்கும் இசைக்கும் கிடைத்த மதிப்பு நாடகத்துக்கு நெடுங்காலம் கிடைத்திலது. கூத்தைக் கண்டு களித்த உலகம் கூத்தரை மதிக்கத் தயங்கிற்று. நம் காரைதீவு தந்த விபுலாநந்த அடிகள், 1926ஆம் ஆண்டில் மதுரைத் தமிழ்ச் சங்க வெளியீடாக வந்த மதங்கசூளாமணி வாயிலாக, நாடகத்தின் இயல்பை அறிஞர் அவையில் எடுத்து நிறுவினார். அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன், அதே மதுரை நகரில் சிறுவர்களைச் சேர்த்து நாடகம் பயிற்றிய பெரியார் ஒருவர் இருந்தார். அவரே சங்கரதாச சுவாமிகள். கல்லூரி விழா மலரொன்றில் அவர் வரலாற்றை நினைவுகூர்தல் தகும். ஏனெனில், அவர் புலவராயும் நடிகராயும் விளங்கினாரெனினும் முடிவில் ஆசிரியராகவே நிலைத்தார்.

சுவாமிகள் 1867ஆம் ஆண்டு செப்டெம்பர் 7ஆந் திகதி தூத்துக்குடியை அடுத்த காட்டுநாயக்கன்பட்டியிற் பிறந்தார். பிள்ளைத் திருநாமம் சங்கரன். தந்தையார் தாமோதரனார் இராமாயணத்தில் வல்ல புலவர். அவரிடம் தொடங்கிய தமிழ்க் கல்வி பழனித் தண்டபாணி சுவாமிகளிடம் முதிர்ந்தது. சிலகாலம் தூத்துக்குடி உப்புப் பண்டகசாலையிற் கணக்கராயிருந்த இளைஞர், தமது 24ஆம் வயதளவில் அவ்வேலையைத் துறந்து நாடக உலகிற் புகுந்தார்.

அக்காலத்திலேயே, 1891இல், பம்மல் சம்பந்த முதலியார் சென்னையிற் சுகுண விலாச சபையை நிறுவினார். அது கற்றோரும் உத்தியோகத்தரும் ஓய்வு வேளையில் நடித்த சபை. சங்கரனார் புகுந்ததோ பிழைப்புக்காக ஊர் ஊராய்த் திரிந்த நடிகர்களின் உலகம். அங்கே பாட்டுக்கு ஓரளவு வரம்பிருந்தது, பேச்சுக்கு வரம்பில்லை. மேடையேறியவர் தத்தமக்குத் தோன்றியதைப் பேசினர். ஒருவரை ஒருவர் மடக்குவதே திறமையாயிற்று; கதை வழிதவறிற்று.

அவர் முதலில் நடிகராய் விளங்கினார். யமன், சனீசுவரன், இராவணன் முதலிய அச்சந்தரும் வேடங்கள் அவருக்கு வாய்த்தன. சனீசுவர வேடத்தைக் கலைக்க விடியற்காலையில் நீர்நிலைக்குச் சென்ற அவரைக் கண்ட பெண்ணொருத்தி அஞ்சி உயிர்நீத்தாள் என்றும், யமனாக அவர் எழுப்பிய முழக்கத்தால் அவையிலிருந்த கருவுற்ற பெண்ணொருத்தியின் கரு கலைந்தது என்றும் நாடக உலகினர் வழிவழியாகக் கூறுவர். பிறர் பெருமையெனக் கொள்ளக்கூடிய அந்நிகழ்ச்சிகளை அவர் தம் மனத்துக்குச் சுமையாகவே கொண்டார். வேடம் புனைவதை அறவே விட்டார். துறவு பூண்டு தலயாத்திரை சென்றார். புதுக்கோட்டையில் கஞ்சிரா மேதை மான்பூண்டியா பிள்ளை அவரை மகன்போல் ஏற்று ஆதரித்தார். அங்கே தாள நுட்பங்கள் கைவந்தன. அவர் மீண்டும் நாடகத்துக்குத் திரும்பியது ஆசிரியராகவே.

நம் கிழக்குக் கரையில் அண்ணாவியாரை அறியாதார் இலர். தாம் வேடம் கட்டாது, களரியில் நின்று கூத்து முழுவதையும் நடத்துபவர் அவர். சுவாமிகள் ஏற்ற நிலையும் அத்தகையதே. பாட்டையும் உரையாடலையும் வகுத்து எழுதி, அவற்றை நடிகர் மாறாது ஒப்பிக்கவேண்டும் என்று விதித்தார். வள்ளி திருமணம், பவளக்கொடி, கோவலன், சத்தியவான் சாவித்திரி, இலவகுசா என்பன அவர் இயற்றியவற்றுட் சில.

1910இல் சமரச சன்மார்க்க நாடக சபையைத் தாமே நிறுவினார். வளர்ந்த நடிகர் பலர் கட்டுக்கு அடங்காமை கண்டு, சிறுவர்பால் நம்பிக்கை வைத்தார். 1918இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபை தோன்றிற்று. டி. கே. எஸ். சகோதரர்கள் அங்குதான் பயிலத் தொடங்கினர். அவர்களுட் சண்முகத்துக்கு அப்போது வயது 6. அச்சிறுவனுக்கென்றே அபிமன்யு சுந்தரி நாடகத்தைச் சுவாமிகள் ஓர் இரவில் எழுதி முடித்தார் என்பர்.

இம்முறையின் மறுபக்கத்தை நாம் மறைத்தல் ஆகாது. பள்ளியில் இருக்கவேண்டிய வயதிற் பாலர்கள் தாய்தந்தையரைப் பிரிந்து, இரவெல்லாம் விழித்து நடித்தனர். மகரக்கட்டு வந்து குரல் உடைந்தபின் பலருக்கு வேடமும் இல்லை. வேறு தொழிலும் இல்லை. இக்குறை பால சபைகள் அனைத்துக்கும் பொதுவானது. எனினும், எழுத்தறியாது வந்த பிள்ளைகளும் சுவாமிகளிடத்துச் செந்தமிழை நாவாரப் பழகினர். அவர்களுக்குக் கிடைத்த ஒரே கல்லூரி அந்த மேடைதான்.

கவிதை வெள்ளமாய்ப் பெருகிய அந்நாவுக்கு இறுதியிற் சோதனை வந்தது. பக்கவாத நோயினாற் சுவாமிகளுக்குக் கையும் காலும் பேச்சும் முடங்கின. பேச வேண்டிய முறையைத் தமிழ் நடிகர்க்குக் கற்பித்தவர் பேச்சிழந்தார். அந்நிலையிலும் தம் பிள்ளைகளின் குழுவை அவர் பிரிந்திலர். 1922ஆம் ஆண்டு நவம்பர் 13ஆந் திகதி புதுச்சேரியில் அவர் மறைந்தார். மனைவி மக்கள் இல்லை. தேடிவைத்த பொருளும் இல்லை.

எஞ்சியது பாடம். தமிழகத்தில் ஸ்பெஷல் நாடகம் என்னும் வழக்கு உண்டு. வெவ்வேறூர் நடிகர்கள், முன்னர் ஒத்திகை பாராமலே, ஓரிரவு ஒரே மேடையிற் சந்தித்து நாடகம் நடத்துவர். அவர் விரும்பிய ஒழுங்குக்கு இது மாறுபட்டதே. ஆயினும் அஃது இயல்வது எதனால்? எல்லோர் நெஞ்சிலும் சுவாமிகளின் பாடமே பதிந்திருப்பதனாலன்றோ! கட்டுப்பாட்டுக்காக அவர் எழுதியது, பின்வந்தோர் சுதந்திரத்துக்கு அடித்தளமாயிற்று. யாழ்ப்பாணத்து இசைநாடக மேடைகளிலும் அவர் நாடகங்கள் வேரூன்றின.

கைதட்டல் வேடதாரிக்கு அன்றிரவே கிடைக்கும். ஆசிரியனுக்கோ அது மாணாக்கர் வழியாக, காலந்தாழ்த்தே வந்து சேரும். முதலாவதை விட்டு இரண்டாவதைத் தேர்ந்தவர் சுவாமிகள். இக்கல்லூரியினின்று வெளிச்செல்லும் இளைஞருட் சிலரேனும் அத்தெரிவின் அருமையை உணர்வராயின், அதுவே நாம் அவருக்குச் செய்யும் வணக்கமாகும்.