ஈயச் சிப்பாய்களும் எச்.ஜி. வெல்சும்

எச்.ஜி. வெல்ஸ் என்றவுடன், காலத்தைக் கடந்து செல்லும் பொறியும், கண்ணுக்குப் புலப்படாத மனிதனும், செவ்வாய்க் கோளிலிருந்து இறங்கிவரும் படையுமே இலக்கிய அன்பர்களின் நினைவுக்கு வரும். அறிவியல் புனைகதைக்கு அடித்தளமிட்டோருள் ஒருவராக உலகம் போற்றும் அப்பெருமகனார், தம் வீட்டுத் தரையில் முழங்காலிட்டு, இரண்டு அங்குல உயரமுள்ள ஈயச் சிப்பாய்களை அணிவகுத்து நிறுத்திப் போர் நடத்தியவர் என்பதையும், அந்த விளையாட்டுக்கு விதிகள் வகுத்து நூலொன்று எழுதியவர் என்பதையும் அறிந்தோர் சிலரே. போரற்ற உலகைக் கனவு கண்ட ஒருவர் போரை விளையாடி மகிழ்ந்தது முரணாகத் தோன்றலாம். அவருடைய வாழ்வை ஊன்றி நோக்குவார்க்கு அம்முரணே அவரை அறிந்துகொள்ளும் வாயிலாக அமைகிறது.

வெல்ஸ் 1866ஆம் ஆண்டு செப்டம்பர் 21ஆம் நாள், இங்கிலாந்தில் கென்ட் மாவட்டத்தைச் சேர்ந்த புரோம்லி என்னும் ஊரில் பிறந்தார். தந்தை ஜோசப் வெல்ஸ் தோட்டக்காரராக இருந்து, பின்பு சிறிய பீங்கான் கடை ஒன்றை நடத்தியவர். கிரிக்கெட் ஆடியும் பொருளீட்டியவர். தாய் சாரா, செல்வர் மாளிகையில் பணிபுரிந்தவர். கடையில் வருவாய் குறைவு. வீட்டில் வறுமை மிகுதி. 1874இல், ஏழு வயதுச் சிறுவனாயிருந்த வெல்சுக்குக் கால் எலும்பு முறிந்தது. படுக்கையில் கிடந்த நாள்களில் கைக்குக் கிடைத்த நூல்களையெல்லாம் படித்தார். எழுத்தாளராகத் தாம் உருவானதற்கு அந்த விபத்தே காரணம் என்று பிற்காலத்தில் நன்றியோடு நினைவு கூர்ந்தார்.

அச்சிறுவனின் உள்ளத்தில் மற்றொரு கனவும் வளர்ந்தது. புரோம்லியின் மேடுகளிலும் வயல்வெளிகளிலும் தனித்து நடக்கும்போதெல்லாம் அவர் தம்மைப் பெரும்படைத் தலைவனாக எண்ணிக்கொள்வார். கற்பனைப் படைகள் அவர் ஆணைக்கு அணிவகுத்தன, பகைவர் புறமுதுகிட்டனர், அரசர்கள் மண்டியிட்டனர். வழிப்போக்கர் கண்ணுக்கோ, இளைத்த சிறுவன் ஒருவன் தனக்குத்தானே முணுமுணுத்துச் செல்வது மட்டுமே தெரிந்தது. 1934இல் வெளியிட்ட தன்வரலாற்றில் இக்கனவுகளை வெல்ஸ் ஒளிவுமறைவின்றி எழுதினார். பதின்மூன்று வயதில் தாம் கண்ட பகற்கனவே ஹிட்லர் என்னும் உருவெடுத்து ஐரோப்பாவில் நடமாடுகிறது என்பது அவர் கணிப்பு. தம் உள்ளத்திலும் அந்த வெறி ஒருகால் குடியிருந்தது என்று ஒப்புக்கொள்ளும் துணிவு எழுத்தாளர் எல்லார்க்கும் வாய்ப்பதன்று.

பதினான்கு வயதில் வெல்ஸ் துணிக்கடையில் பயிற்சிப் பணியாளராகச் சேர்க்கப்பட்டார். நாள் முழுதும் நின்றே செய்யும் அப்பணியை வெறுத்தார். தாயோடு வாதாடி விடுபட்டார். படித்தும் படிப்பித்தும் முன்னேறி, 1884இல் உதவித்தொகை பெற்று லண்டன் அறிவியல் கல்லூரியில் சேர்ந்து, உயிரியல் பேரறிஞர் தாமஸ் ஹக்ஸ்லியிடம் பயிலும் பேறு பெற்றார். 1895இல் வெளிவந்த ‘காலப்பொறி’ அவருக்குப் புகழைத் தேடித் தந்தது. 1898இல் ‘உலகங்களின் போர்’ வெளியாயிற்று. நோயுற்ற உடலைத் தேற்றிக்கொள்ளக் கென்ட் கடற்கரையிலுள்ள சாண்ட்கேட்டை நாடிச் சென்றவர், புகழ்பெற்ற கட்டடக் கலைஞர் வாய்சியைக் கொண்டு அங்கே ‘ஸ்பேட் ஹவுஸ்’ என்னும் இல்லத்தை அமைத்தார். 1901இல் மூத்த மகன் ஜார்ஜ் பிலிப்பும், 1903இல் இளையவன் பிராங்கும் பிறந்தனர்.

பிள்ளைகள் வளர வளர வீட்டுத் தரையில் ஓர் உலகம் எழுந்தது. அவ்வுலகின் குடிகள் ஈயச் சிப்பாய்கள். முன்னாளில் ஜெர்மனியிலிருந்து வந்த பொம்மைகள் உள்ளும் புறமும் ஈயமாகக் கனத்தன, விலையும் அதிகம். 1893இல் லண்டனைச் சேர்ந்த வில்லியம் பிரிட்டன் புதுமுறை ஒன்றைக் கண்டார். உருக்கிய ஈயக் கலவையை அச்சில் ஊற்றுவர். அச்சின் ஓரத்தில் பட்ட உலோகம் உறைந்தவுடன், நடுவே உறையாதிருக்கும் எஞ்சியதை வெளியே கவிழ்த்துவிடுவர். மெல்லிய தோடு மட்டும் சிப்பாய் வடிவில் நிற்கும். உள்ளீடற்ற இப்பொம்மைகள் எடையும் விலையும் குறைந்தவை. ஒவ்வொன்றுக்கும் கையாலேயே வண்ணம் தீட்டினர். முகத்துக்கு ஒரு நிறம், சட்டைக்கு ஒரு நிறம், காலணிக்குக் கருமை, கண்ணுக்கு ஒரு புள்ளி. ஒரே அச்சில் பிறந்தவர்கள், தூரிகை தொட்ட நிறத்தால் வேறு வேறு நாட்டினராயினர். செஞ்சட்டைக்காரனும் நீலச்சட்டைக்காரனும் பிறப்பால் உடன்பிறந்தோரே.

1911இல் வெல்ஸ் எழுதிய ‘தரை விளையாட்டுகள்’ என்னும் சிறுநூல் இவ்வுலகை விரித்துரைக்கிறது. பலகைகளையும் மரக்கட்டிகளையும் கொண்டு தீவுகளும் நகரங்களும் எழுப்பி, தகப்பனும் பிள்ளைகளும் அவற்றை ஆண்டனர். அந்த நூலில் நகைச்சுவையாகச் சொல்லப்பட்ட ஒரு குறை ஆழ்ந்து எண்ணத்தக்கது. கடைகளில் எங்கு நோக்கினும் சிப்பாய்களே விற்கின்றனர். நகரத்தில் குடியேற்றக் குடிமக்கள் இல்லை. இறைச்சிக் கடைக்காரரும், ரொட்டி சுடுபவரும், வணிகரும், நீதிபதியும், வழக்கறிஞரும் பெட்டி பெட்டியாகக் கிடைத்தால் எவ்வளவு நன்றாயிருக்கும் என்று அவர் ஏங்கினார். வேறு வழியின்றி, ஜெர்மனியின் ஹெஸ்ஸே நாட்டில் வாங்கிய சிப்பாய்களைத் தம் தரை நகரத்தில் காவலர்களாக வேலைக்கு அமர்த்திக்கொண்டனர். சிப்பாயைக் குடிமகனாக மாற்றும் இந்த முயற்சி அன்று பிள்ளை விளையாட்டு. வெல்சின் எஞ்சிய வாழ்நாளெல்லாம் அதுவே தலையாய தொண்டாயிற்று.

அதற்கிடையே பீரங்கி ஒன்று வந்து சேர்ந்தது. சுருள்வில்லின் விசையால் ஓரங்குல நீள மரத்துண்டை எறியும் பொம்மைப் பீரங்கி அது. சாண்ட்கேட் இல்லத்தில் ஒருநாள் பகலுணவுக்குப் பின்னர், நண்பரும் நகைச்சுவை எழுத்தாளருமான ஜெரோம் கே. ஜெரோம் அதனைக் கொண்டு சிப்பாய்களைக் குறிவைத்து வீழ்த்தத் தொடங்கினார். அந்த வேடிக்கையிலிருந்தே விதிகள் பிறந்தன. முதலில் நூல்களும் கலைக்களஞ்சியத் தொகுதிகளும் மலைகளாயின. பின்னர்த் தோட்டத்துச் சுள்ளிகள் மரங்களாயின. அட்டை வீடுகள் எழுந்தன.

1913இல் ‘சிறு போர்கள்’ வெளிவந்தது. நடுவே திரையிட்டு, எதிரி அறியாவண்ணம் இருதரப்பினரும் படை நிறுத்த வேண்டும். திரை விலகியதும் போர் தொடங்கும். காலாட்படை ஒரு முறைக்கு ஓரடியும், குதிரைப்படை இரண்டடியும் நகரலாம். கயிற்றால் அளந்து பார்ப்பர். பீரங்கியை இயக்க அதனருகே நான்கு வீரரேனும் இருத்தல் வேண்டும். ஒவ்வொரு முறைக்கும் கால வரம்பு உண்டு. குண்டடியின் பயனைப் பகடை தீர்மானிப்பதில்லை. குறிபார்க்கும் கண்ணே தீர்மானிக்கும். இதற்கு முன்னரும் போர் விளையாட்டு இருந்தது. 1824இல் பிரஷ்யப் படை அதிகாரி ரைஸ்விட்ஸ் வகுத்த முறை, படைத்தலைவர்களுக்கான பயிற்சி. நிலப்படத்தின்மீது கட்டைகளை நகர்த்தும் கடினமான கணக்கு. அதனை வீட்டுத் தரைக்கும் பிள்ளைகளுக்கும் உரியதாக்கியவர் வெல்ஸ். அவ்வாண்டு ‘இல்லஸ்ட்ரேட்டட் லண்டன் நியூஸ்’ இதழில் வந்த சித்திரம், புகழ்மிக்க அந்நாவலாசிரியர் தரையில் மண்டியிட்டுக் கயிறு பிடித்து அளப்பதைக் காட்டுகிறது.

நூலில் ஹூக்ஸ் பார்ம் என்னும் போரை விவரிக்கும் பகுதி, ஓய்வு பெற்ற தளபதிகளின் தற்பெருமை நினைவுக் குறிப்புகளை எள்ளி நகையாடுகிறது. ஆனால் இறுதிப் பகுதியில் நகைப்பு மறைகிறது. தம் விளையாட்டில் நொறுங்கிய உடல்கள் இல்லை. இடிந்த வீடுகள் இல்லை. தாய்மாரின் கண்ணீர் இல்லை. போரில் மகிழ்வு காணும் மன்னர்களையும் வீராப்புப் பேசுவோரையும் ஓர் அறையில் அடைத்து, வேண்டுமட்டும் ஈயச் சிப்பாய்களை அவர்களுக்குக் கொடுத்துவிட்டால் உலகம் அமைதியாகத் தன் பணியைப் பார்க்கும் என்பது அவர் கருத்து. இச்சிறிய போரை மும்முறை ஆடிப் பார்த்தவர்க்கே, பெரும்போர் எத்துணைத் தடுமாற்றம் நிறைந்தது என்பது விளங்கிவிடும் என்றும் எழுதினார். விளையாட்டைப் படைப்பயிற்சிக்குப் பயன்படுமாறு விரிப்பது பற்றி அவர் கடிதத் தொடர்பு கொண்டிருந்தவர் கர்னல் மார்க் சைக்ஸ். மூன்றாண்டுகளுக்குப் பின், 1916இல், ஆட்டோமன் பேரரசின் அரபு நிலங்களைப் பிரிட்டனும் பிரான்சும் பங்கிட்டுக்கொள்ளக் கோடு கிழித்த ஒப்பந்தத்தில் அதே சைக்சின் பெயர் பொறிக்கப்பட்டது.

நூல் வெளிவந்த மறு ஆண்டே, 1914 ஆகஸ்டில், பெரும்போர் மூண்டது. அப்போது வெல்ஸ் செய்தது அவருடைய அன்பர் பலரை வருந்தச் செய்தது. போரை எள்ளிய அவரே, போர்களுக்கெல்லாம் முடிவு கட்டும் போர் இது என்று எழுதி அதனை வரவேற்றார். ஜெர்மானியப் படைவெறி அழிந்தால் உலகம் திருந்தும் என்று நம்பினார். ஆண்டு இரண்டு கழிவதற்குள் நம்பிக்கை நைந்தது. 1916இல் வெளிவந்த ‘மிஸ்டர் பிரிட்லிங்’ என்னும் நாவல் அந்த நைவின் பதிவு. அதில் வரும் எழுத்தாளர் பிரிட்லிங் தம் மகனைப் போரில் இழக்கிறார். அவர் வீட்டில் ஆசிரியராயிருந்த ஜெர்மானிய இளைஞனும் எதிர்த்தரப்பில் மடிகிறான். மகனை இழந்த தந்தை, மகனை இழந்த அந்த ஜெர்மானியப் பெற்றோருக்கு மடல் எழுத அமர்கிறார். ஒரே அச்சில் பிறந்து வேறு நிறம் பூண்ட இருவர் என்னும் உண்மை, இப்போது தரையை விட்டுக் கல்லறைக்கு வந்துவிட்டது.

போருக்குப்பின் பொம்மைக் கடைகளிலும் ஒரு மாற்றம் நிகழ்ந்தது. சிப்பாய்களைப் பிள்ளைகளுக்கு வாங்கித் தரப் பெற்றோர்க்கு மனம் ஒப்பவில்லை. 1920களின் தொடக்கத்தில் பிரிட்டன் நிறுவனம் பண்ணைப் பொம்மைகளைச் செய்து விற்கத் தொடங்கியது. உழவரும், பால் கறக்கும் பெண்ணும், பசுவும், பன்றியும் அதே ஈயத்தில் வார்க்கப்பட்டு, அதே தூரிகையால் வண்ணம் பெற்றனர். 1911இல் வெல்ஸ் விளையாட்டாகக் கேட்ட குடிமக்கள் கடைக்கு வந்து சேர்ந்தனர். இடையில் கொடுத்த விலை பல இலட்சம் உயிர்.

வெல்ஸ் அதன்பின் போர் விளையாட்டு நூல் எழுதவில்லை. நாடுகளின் வரலாற்றை எல்லைகளின்றி ஒரே மனித குலத்தின் வரலாறாகச் சொன்னால் பகை குறையும் என்று எண்ணி, 1920இல் ‘வரலாற்றுச் சுருக்கம்’ என்னும் பெருநூலை நிறைவு செய்தார். 1933இல் ‘பென்’ என்னும் உலக எழுத்தாளர் சங்கத்தின் தலைவரானார். அவ்வாண்டு மே மாதம் ஜெர்மனியில் நூல்கள் எரிக்கப்பட்டபோது அவர் நூல்களும் நெருப்பில் விழுந்தன. அதே மாதம் துப்ரோவ்னிக் நகரில் கூடிய மாநாட்டில், நாடிழந்த கவிஞரும் நாடக ஆசிரியருமான எர்ன்ஸ்ட் டோலர் பேசுவதை ஜெர்மானியப் பேராளர்கள் எதிர்த்தனர். தலைமை தாங்கிய வெல்ஸ் டோலரைப் பேச விட்டார், பேராளர்கள் வெளியேறினர்.

1914இல் வெளிவந்த ‘விடுதலை பெற்ற உலகம்’ என்னும் நாவலில் அணுகுண்டு என்னும் பெயரை முதலில் வழங்கியவரும் வெல்சே. அந்நாவலை 1932இல் படித்த இயற்பியலறிஞர் லியோ சிலார்ட், மறு ஆண்டு அணுத் தொடர்வினைக் கருத்தைக் கண்டறிந்தார். 1945 ஆகஸ்ட் 6ஆம் நாள் ஹிரோஷிமாவில் அக்கற்பனை மெய்யாயிற்று. அதனையும் காண வெல்ஸ் உயிரோடிருந்தார். இரண்டாம் போரில் லண்டன்மீது குண்டுகள் பொழிந்தபோதும் தம் வீட்டை விட்டு அவர் அகலவில்லை. 1940இல் மனித உரிமைகளைத் தொகுத்துரைக்கும் நூலொன்றை எழுதினார். 1948இல் ஐக்கிய நாடுகள் அவை வெளியிட்ட மனித உரிமைப் பிரகடனத்துக்கு முன்னோடிகளுள் ஒன்றாக அவர் முயற்சி மதிக்கப்படுகிறது. அந்நாளைக் காண அவர் இல்லை. 1946 ஆகஸ்ட் 13ஆம் நாள் காலமானார். சாம்பல் கடலில் தூவப்பட்டது.

‘சிறு போர்கள்’ இன்றும் அச்சாகிறது. 1960களில் டொனால்ட் பெதர்ஸ்டோன் போன்றோர் எழுதிய நூல்களால் மேசைப் போர் விளையாட்டு பரவியது. ஈயத்தின் இடத்தைப் பிளாஸ்டிக் பிடித்தது. பிரிட்டன் நிறுவனம் 1966இல் ஈயவார்ப்பை நிறுத்தியது. விளையாடுவோர் கடையில் கிடைக்கும் உருவத்தை அப்படியே ஏற்பதில்லை. ஒன்றின் தலையை வெட்டி மற்றொன்றின் உடலில் குண்டூசியால் பொருத்துவர். மாவுபோல் பிசைந்த பசையால் மேலாடை செய்வர். காகிதத்தில் கொடி தீட்டுவர். மெல்லிய தூரிகையால் ஒவ்வொரு பொத்தானுக்கும் நிறம் தருவர். நூறு பேர் கொண்ட படைக்கு மாதக்கணக்கில் உழைப்பர். அவ்வாறு முகம் தீட்டிய ஒருவனைக் குண்டு வீழ்த்தும்போது ஆடுபவர் மனம் சிறிதேனும் வாடும். ஆயினும் தலை போன ஈயச் சிப்பாய்க்கு அக்காலப் பிள்ளைகள் கழுத்தில் தீக்குச்சி செருகித் தலையை மீண்டும் பொருத்திவிடுவர். மறுநாள் அவன் போருக்கு நிற்பான்.

தந்தையோடு அத்தரையில் தவழ்ந்து போரிட்ட பிள்ளைகள் இருவருள், மூத்தவர் ஜார்ஜ் பிலிப் விலங்கியல் பேராசிரியரானார். தந்தையோடும் ஜூலியன் ஹக்ஸ்லியோடும் இணைந்து உயிர்களின் அறிவியலைப் பற்றிய பெருநூல் எழுதினார். இளையவர் பிராங்க் திரைப்படத் துறையில் பணியாற்றினார். ஆயிரம் போர்களைத் தரையில் நடத்திய அவ்வீட்டிலிருந்து படைத்தலைவர் ஒருவரும் தோன்றவில்லை.