ஜோசப் பிளாக்

காய்ச்சிய இரும்பைத் தண்ணீரில் இட்டால் இரும்பு எவ்வளவு ஆறும், நீர் எவ்வளவு சூடேறும்? இதற்கு இன்று பள்ளி மாணவரும் கணக்கிட்டு விடை கூறுவர். முன்னாளில் பேரறிஞர்க்கும் இது புதிராகவே இருந்தது. அப்புதிரை அவிழ்த்தவர் ஜோசப் பிளாக் என்பார்.

பிளாக் 1728ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டுப் போர்தோ நகரில் பிறந்தார். தந்தையார் மது வாணிகர். கிளாஸ்கோவில் வில்லியம் கல்லன் என்னும் ஆசிரியரிடம் வேதியியல் பயின்ற பிளாக், எடின்பரோவில் மருத்துவப் பட்டம் பெற்று, 1756இல் தம் ஆசிரியர் விட்டுச்சென்ற இடத்திலேயே கற்பிக்கலானார்.

உருகுநிலையை அடைந்த பனிக்கட்டி, சிறிது வெப்பம் சேர்ந்தவுடன் முழுதும் உருகிவிடும் என்பது அக்காலத்தார் கொள்கை. அங்ஙனமாயின் இளவேனில் தொடங்கியதும் மலைப்பனி யாவும் ஒருங்கே உருகி, வெள்ளமாய்ப் பெருகி ஊர்களை அழித்திருக்க வேண்டுமே எனப் பிளாக் எண்ணினார். எண்ணியதோடு அமையாது சோதனையில் இறங்கினார். ஒத்த இரு கண்ணாடிக் கலங்களுள் ஒன்றில் பனிக்கட்டியையும், மற்றொன்றில் அதே எடையுள்ள, 33 பாரன்ஹீட் பாகை நீரையும் இட்டு, 47 பாகையுள்ள கூடத்தில் வைத்தார். நீர் அரைமணி நேரத்தில் 7 பாகை ஏறி, 40 பாகையை எய்திற்று. பனிக்கட்டி உருகி அந்நிலையை எய்தப் பத்தரை மணி நேரம் ஆயிற்று. அஃதாவது 21 மடங்கு காலம். ஆகவே 147 பாகைக்குரிய வெப்பம் உட்சென்றிருத்தல் வேண்டும். வெப்பமானி காட்டிய ஏற்றமோ 8 பாகையே! எஞ்சிய ஏறத்தாழ 140 பாகை வெப்பம் உருகுதற்கே செலவாயிற்று எனத் தெளிந்து, அதனை மறைவெப்பம் என்றார். இன்றைய நுண்கருவிகள் காட்டும் அளவு 144 ஆகும். வெப்பமானியும் கடிகாரமும் மட்டுமே துணையாக இத்துணை அணுகியது வியப்பன்றோ!

கனமான பொருள் மிகுந்த வெப்பம் கொள்ளும் என்னும் கருத்தையும் அவர் மறுத்தார். 70 செண்டிகிரேடு பாகையுள்ள 300 கிராம் பாதரசத்தை, 20 பாகையுள்ள 90 கிராம் நீரிற் கலந்தால், கலவை ஏறத்தாழ 25 பாகையிலேயே நிற்கும். நீர் பெற்றது, 90ஐ 5ஆற் பெருக்க, 450 கலோரி. பாதரசம் இழந்ததும் அதுவே. ஆனால் அதற்காக அது 45 பாகை இறங்கிற்று. 450ஐ, 300ஐ 45ஆற் பெருக்கிய தொகையால் வகுக்க, முப்பதில் ஒன்று கிடைக்கும். இதுவே பாதரசத்தின் தன்வெப்பம், நீரினது ஒன்று. கலம் கொள்ளும் வெப்பம் இங்குச் சேர்க்கப்படவில்லை. செய்து பார்ப்போர் அதனையும் சேர்த்தல் வேண்டும்.

கிளாஸ்கோப் பல்கலைக்கழகத்திற் கருவிகள் செப்பனிட்டுவந்த ஜேம்ஸ் வாட்டுக்குப் பிளாக் அறிவுரையோடு பொருளும் உதவினார். ஆயினும் தம் வெப்ப ஆய்வுகளை அவர் நூலாக்கினாரல்லர். வகுப்பில் உரைப்பதோடு நின்றார். 1772இல் சுவீடன் நாட்டு வில்க்கே, தாமே கண்ட உருகுவெப்பத்தை வெளியிட்டார். 1783இல் லவாசியேயும் லாப்லாசும் பனிக்கட்டி வெப்ப அளவியால் புகழெய்தினர். பிளாக்கின் விரிவுரைகளோ, அவர் மறைந்தபின் 1803இலேதான் மாணவர் ராபிசனால் அச்சேறின. இஃது அவர்பால் அமைந்த குறையே.

1799இல் ஒருநாள், ரொட்டியும் நீர் கலந்த பாலும் உண்டுகொண்டிருந்த பிளாக், பாற்கிண்ணத்தை முழங்கால்மேல் வைத்துக் கையாற் பற்றியவாறே உயிர்நீத்தார். ஒரு துளியும் சிந்தவில்லை. கதவைத் திறந்து நோக்கிய பணியாளர், அவர் உறங்குகின்றார் எனக் கருதித் திரும்பினார்.