மூக்கை அளந்தவர்

கள்ளக்குறிச்சி பக்கம் கல்வராயன் மலைக்காரர் தன்னை மலையாளின்னு சொன்னா, கேரளாவான்னு கேட்டுடாதீங்க. மலையில வாழ்றவங்க, அதான் பேரு. பேசுறது அவங்க வழக்குத் தமிழ். முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்தாங்கன்னு வழிவழியா ஒரு கதை உண்டு.

அதை அச்சில் ஏற்றியவர் எட்கர் தர்ஸ்டன். 1855-ல் இங்கிலாந்தில் பிறந்து, மருத்துவம் படித்து, 1885-ல் சென்னை அருங்காட்சியகக் கண்காணிப்பாளரா வந்தார். யார் எந்த இனம்னு கண்டுபிடிக்க ஊர் ஊரா மண்டையையும் மூக்கையும் அளந்தார் (நம்ம லேப் காலிப்பர் மாதிரி ஒண்ணு வச்சுத்தான்!). ரங்காச்சாரி துணையோட 1909-ல் ஏழு தொகுதிகள் வந்தன. அந்த மூக்குக் கணக்கை இன்னைக்கு அறிவியல் ஏற்பதில்லை. காதால் கேட்டு எழுதின கதைகளைத்தான் இன்னும் தேடிப் படிக்கிறாங்க. 1935-ல் இறந்தார். மலையாளிகளைப் பற்றிய பகுதி நாலாம் தொகுதியில இருக்கு, படிச்சுப் பாருங்க.