வேரும் களையும்: டாக்டர் ஆனந்திபாய் ஜோஷியின் வாழ்க்கை

மனிதன் இவ்வுலகிற்கு வரும்போது அவனுக்கென்று ஒரு மொழி இல்லை, உடை இல்லை, உணவுப் பழக்கம் இல்லை. இவை அனைத்தையும் அவன் பிறந்த குலமும் ஊரும் அவனுக்கு அளிக்கின்றன. யாரை வணங்குவது, யாருடன் அமர்ந்து உண்பது, எதற்கு நாணுவது என்பனவும் அவ்வாறே வந்து சேர்கின்றன. தானே தேர்ந்தெடுக்காத இவற்றையே அவன் பின்னாளில் 'நான்' என்று கருதுகிறான். இவற்றுள் தன்னைத் தாங்கி நிற்கும் வேர் எது, வேரோடு பின்னி வளர்ந்துவிட்ட களை எது என்று பிரித்தறிவது எளிதன்று. 22 வயது நிறைவதற்கு முன்பே மறைந்த ஒரு மராட்டியப் பெண்மணி அதைச் செய்து காட்டினார். மேலை மருத்துவத்தில் பட்டம் பெற்ற முதல் இந்தியப் பெண்மணிகளுள் ஒருவரான டாக்டர் ஆனந்திபாய் ஜோஷியே அவர்.

யமுனா ஆனந்தியானாள்

1865-ஆம் ஆண்டு மார்ச் 31-ஆம் நாள் பிறந்த அப்பெண்ணுக்குப் பெற்றோர் இட்ட பெயர் யமுனா. பம்பாய்க்கு அருகிலுள்ள கல்யாண் என்னும் ஊரில், ஆசாரம் மிக்க பிராமணக் குடும்பத்தில் வளர்ந்தாள். அக்கால வழக்கப்படி ஒன்பது வயதில் திருமணம் நிகழ்ந்தது. கணவர் கோபால்ராவ் ஜோஷி அஞ்சல் நிலைய எழுத்தர், மனைவியை இழந்தவர், அவளைவிட ஏறத்தாழ 20 வயது மூத்தவர். புகுந்த வீட்டில் யமுனா என்னும் பெயர் மறைந்து, ஆனந்தி என்னும் பெயர் வந்தது. பெண்ணின் பெயரையும் மாற்றி அமைக்கும் உரிமை அந்நாளைய சமூகத்தில் கணவனுக்கு இருந்தது.

பெண்கள் படித்தால் குடும்பம் அழியும் என்று நம்பப்பட்ட காலத்தில், மனைவி படித்தே தீரவேண்டும் என்பதில் கோபால்ராவ் பிடிவாதமாக இருந்தார். அந்தப் பிடிவாதம் வன்முறையாகவும் வெளிப்பட்டது. பாடத்தில் கவனம் சிதறினால் சிறுமியை அடிக்கவும் அவர் தயங்கவில்லை. கல்வியையும் காயத்தையும் ஆனந்தி ஒரே கையிலிருந்து பெற்றார். பல ஆண்டுகளுக்குப் பின் அமெரிக்காவிலிருந்து எழுதிய கடிதத்தில், அந்த அடிகளை அவர் கணவருக்கே நினைவூட்டினார். வாய் திறவாமல் பொறுத்துக் கொள்வதைத் தவிர அன்று தமக்கு வேறு வழி இருக்கவில்லை என்பதையும் எழுதினார். அவரது பக்தி கண்மூடித்தனமானதாக இருக்கவில்லை என்பதற்கு இக்கடிதமே சான்று.

பத்து நாள் வாழ்ந்த குழந்தை

14-ஆம் வயதில் ஆனந்திக்கு ஓர் ஆண்மகவு பிறந்தது. தகுந்த மருத்துவ உதவி கிடைக்காமல் பத்தே நாட்களில் அக்குழந்தை இறந்தது. ஆண் மருத்துவரிடம் உடலைக் காட்டுவதற்குப் பெண்கள் கூசிய காலம் அது. பெண் மருத்துவரோ இல்லை. நாணம் பெண்ணுக்கு அணிகலன் என்று போற்றிய அதே பண்பாடு, பேறுகாலத்தில் எத்தனையோ தாய்மாரையும் சேய்களையும் காப்பாரின்றி விட்டிருந்தது.

இத்துயரத்திலிருந்து ஆனந்தி ஒரு முடிவுக்கு வந்தார். அந்தப் பெண்களின் நாணத்தை அவர் பழிக்கவில்லை. அவர்களுடைய பண்பாட்டைத் துறக்கச் சொல்லவும் இல்லை. அவர்கள் கூச்சமின்றி அணுகக்கூடிய மருத்துவராகத் தாமே ஆகிவிடுவது என்று உறுதி பூண்டார்.

கடல் கடந்த கடிதம்

மனைவியை அமெரிக்காவுக்கு அனுப்ப விரும்பிய கோபால்ராவ், அமெரிக்கக் கிறிஸ்தவப் போதகர் ஒருவருக்கு உதவி வேண்டிக் கடிதம் எழுதினார். மதம் மாறினால் உதவலாம் என்ற நிபந்தனையோடு பதில் வந்தது. தம்பதியர் அதனை ஏற்கவில்லை. ஆயினும் அக்கடிதம் ஒரு பத்திரிகையில் அச்சாயிற்று. நியூ ஜெர்சி மாநிலத்தின் ரோசெல் என்னும் ஊரில் வாழ்ந்த தியோடிசியா கார்ப்பெண்டர் என்ற பெண்மணி, பல் மருத்துவரைக் காணக் காத்திருந்த வேளையில் அதனைப் படித்தார். முகமறியாத அந்த இந்தியப் பெண்ணின் ஆர்வம் அவர் உள்ளத்தைத் தொட்டது. தாமே முன்வந்து கடிதம் எழுதினார்.

இவ்வாறு தொடங்கிய கடிதத் தொடர்பு பாசமாக முதிர்ந்தது. தம் நாட்டுப் பழக்கவழக்கங்களை ஒருவருக்கொருவர் விளக்கி எழுதினர். கல்கத்தாவில் ஆனந்தி தலைவலி, காய்ச்சல் என்று அடிக்கடி நோயுற்றபோது, கார்ப்பெண்டர் அம்மையார் அமெரிக்காவிலிருந்து மருந்து அனுப்பினார். ஆனந்தி அவரை உறவுமுறை சொல்லியே அழைத்தார். மொழியும் மதமும் வேறான இருவரிடையே, ஒருவரையொருவர் மாற்ற முயலாத உறவு ஒன்று வேர்கொண்டது.

செராம்பூர் சபையில்

பயணச் செய்தி பரவியதும் எதிர்ப்பு எழுந்தது. கடல் கடப்பது பாவம் என்றனர் ஆசாரவாதிகள். மதம் மாறிவிட்டுப் போகட்டும் என்றனர் வேறு சிலர். 1883-ஆம் ஆண்டு செராம்பூர் கல்லூரியில் கூடிய சபையின் முன் 17 வயது ஆனந்தி நின்று விளக்கம் அளித்தார். இந்தியாவிற்குப் பெண் மருத்துவர்கள் எத்தகைய தேவை என்பதை எடுத்துரைத்தார். இந்துவாகவே செல்வதாகவும், இந்துவாகவே திரும்புவதாகவும், உடையையும் உணவையும் மாற்றப் போவதில்லை என்றும் உறுதியளித்தார். அவ்வுரை செய்தித்தாள்கள் வழியே பரவ, நாட்டின் பல பகுதிகளிலிருந்தும் உதவிகள் வந்தன. அவ்வாண்டு ஏப்ரலில் கணவரின் துணையின்றிக் கப்பலேறி, ஜூன் மாதம் நியூயார்க் சென்றடைந்தார்.

பனியில் ஒரு புடவை

பிலடெல்பியாவிலிருந்த பென்சில்வேனியாப் பெண்கள் மருத்துவக் கல்லூரி அவரைச் சேர்த்துக் கொண்டது. வாக்கைக் காப்பது எளிதாக இல்லை. அங்குள்ள குளிர் கடுமையானது. கணுக்கால் தெரியுமாறு கட்டும் மராட்டிய ஒன்பது கஜப் புடவை அக்குளிரைத் தாங்கவில்லை. எனவே கால்களை மூடும் குஜராத்தி முறையில் புடவை உடுத்தத் தொடங்கினார். இச்சிறு மாற்றத்தையும் கணவர் ஐயத்தோடு நோக்கிக் கடிதத்தில் கடிந்து கொண்டார். ஆனந்திக்கோ தெளிவு இருந்தது. புடவையை அவர் கைவிடவில்லை. உடுத்தும் முறையையே காலத்திற்கேற்ப மாற்றிக் கொண்டார். சைவ உணவையும் விடவில்லை.

1885-ஆம் ஆண்டு எடுத்த ஒரு புகைப்படம் இன்றும் உள்ளது. அதில் ஆனந்திபாயும், ஜப்பானைச் சேர்ந்த ஓகாமி கெய்யும், சிரியாவைச் சேர்ந்த சபாத் இஸ்லாம்பூலியும் தத்தம் நாட்டு உடையில் இருக்கின்றனர். ஒரே கலையைக் கற்க வந்த மூவரும் ஒருவரைப் போல் ஒருவர் ஆக வேண்டிய தேவை இருக்கவில்லை.

தம் ஆய்வுரைக்கும் அவர், இந்துக்களிடையே வழங்கிய பேறுகால மருத்துவத்தையே பொருளாகக் கொண்டார். ஆயுர்வேத நூல்களையும் மேலை மருத்துவ நூல்களையும் ஒருங்கே பயன்படுத்தினார். 1886 மார்ச் 11-ஆம் நாள் பட்டம் பெற்றபோது, அதற்கு முன்பே கிறிஸ்தவம் தழுவியிருந்த பண்டித ரமாபாய் அவ்விழாவிற்கு வந்திருந்தார். இருவரும் தேர்ந்த பாதைகள் வேறு. ஆயினும் அன்பு குறையவில்லை.

இரு நாடுகளின் மகள்

கோலாப்பூரின் ஆல்பர்ட் எட்வர்ட் மருத்துவமனையில் பெண்கள் பிரிவின் பொறுப்பு அவருக்காகக் காத்திருந்தது. ஆனால் காசநோய் அவரை முன்னரே பற்றிக் கொண்டது. 1886-ஆம் ஆண்டின் இறுதியில் தாயகம் திரும்பிய அவரை மக்கள் போற்றி வரவேற்றனர். பதவி ஏற்கும் வலிமை உடலில் இல்லை. 1887 பிப்ரவரி 26-ஆம் நாள் புனேயில் உயிர் பிரிந்தது. தாமே மருத்துவராக இருந்து ஒரு தாயின் பேறுகாலத்தைக் காக்கும் வாய்ப்பு, அதற்காகவே அனைத்தையும் தாங்கிய அவருக்குத் தாயகத்தில் கிட்டவில்லை.

அவரது அஸ்தியைக் கோபால்ராவ் கார்ப்பெண்டர் அம்மையாருக்கு அனுப்பி வைத்தார். அவர் அதனை நியூயார்க் மாநிலத்தின் பொக்கிப்சி நகரில், தம் குடும்பத்தாரின் கல்லறைகளுக்கு நடுவே சேர்த்தார். அங்கு நாட்டப்பட்ட கல், ஆனந்தியை இந்து பிராமணப் பெண் என்றே குறிக்கிறது. மகளாக ஏற்றவர்கள் அவருடைய அடையாளத்தை மாற்றிவிடவில்லை.

பிறப்பால் வந்த பண்பாட்டை ஆனந்திபாய் சுமையாக எண்ணி உதறவுமில்லை; சங்கிலியாகப் பூட்டிக் கொள்ளவுமில்லை. தம்மைத் தாங்கிய வேரைக் காத்தார். தம் குழந்தையைப் பலிகொண்ட களையைக் களைய முற்பட்டார். தன் வேரை உறுதியாகப் பற்றியவருக்குப் பிறர் வேரைக் கண்டு அச்சமோ வெறுப்போ எழுவதில்லை. முகமறியாத ஒருவரிடம் தாயன்பைப் பெறவும் தரவும் அவரால் முடிந்தது இதனால்தான். நமக்கு வாய்த்த பண்பாட்டில் எதைக் காக்கிறோம், எதைக் களைகிறோம் என்று நம்மை நாமே கேட்டுக் கொள்ளும்போது, அந்த இளம் மருத்துவரின் வாழ்க்கை நமக்கு வழி காட்டும்.